முதலாளியிடம் சொன்னது

12.2.1968
புது மானேஜர் சத்தியமூர்த்தி வந்து இன்றோடு பதினோரு நாள். அவித்த நெல் காய்ந்துவிட்டதா என்று ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்ப்பதுதான் எங்கள் ஆலை வழக்கம். நான் களத்து மேஸ்திரியாகி ஒன்பது வருஷம். நெல் காயப்போடும் பெண்களில் பொன்னுத்தாயி கடித்துப் பார்த்து "போதும்ணே" என்றால் நான் மறுபடி கடிப்பதே இல்லை. இன்று அவள் கடிப்பதை மானேஜர் பார்த்துவிட்டார். "இன்னிக்கி ஒரு நெல்லு, நாளைக்கி ஒரு மடியா?" என்றார். வாயைத் திறந்து காட்டச் சொன்னார். இருபது பெண்கள் பார்க்க அவளும் திறந்து காட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என்ன மேஸ்திரி நான்?

15.2.1968
களத்து ஓரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அதுதான் பெல். அவர் அடித்தால்தான் நெல்லைப் பரப்ப வேண்டும், அவர் அடித்தால்தான் வாரிக் குவிக்க வேண்டும். ஆக, என் பல்லுக்கும் வேலை போயிற்று.

2.3.1968
களத்தில் பேச்சு இல்லை, கேலி இல்லை. முன்பெல்லாம் இந்தப் பெண்களின் வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது. இன்று பொன்னுத்தாயி வெயிலில் மயங்கி விழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்கப் பயந்து நின்றிருக்கிறாள். "நடிப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் மானேஜர்.

3.3.1968
காரைக்குடிக்கு, முதலாளி முத்தப்பன் செட்டியார் வீட்டுக்கே போய்விட்டேன். "வா, குழந்தைவேலு, உக்காரு" என்றார். ஆச்சி காபி கொடுத்தார்கள். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். 'மானேஜரு ஒரு நாளு கால்ல செருப்பில்லாம களத்துல நிக்கட்டும்' என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள் என்றும் சொன்னேன். யார் அப்படிச் சொன்னது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே பொன்னுத்தாயி பேரைச் சொன்னேன்.
"இது நமக்குள்ள இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."
புதுவயலுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. நல்ல மனுஷர்.

5.3.1968
மானேஜர் கூப்பிட்டார். "ஆச்சி காபி நல்லா இருந்துச்சா, மேஸ்திரி?"
நான் சொன்னது அத்தனையையும், சொன்ன வரிசை மாறாமல், திருப்பிச் சொன்னார். செருப்புப் பேச்சு உட்பட. என்னை ஒன்றும் செய்யவில்லை. பொன்னுத்தாயியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.
ஆலை கேட் அருகே நின்றிருந்தாள். அழவில்லை. "ஒங்கள நம்பித்தானேண்ணே ஒங்க முன்னால பேசுனேன். சொல்றதுக்கு வேற பேரு கெடைக்கலையா ஒங்களுக்கு?"
முதலாளி என்னைக் காட்டிக்கொடுத்தார். அவளைக் காட்டிக்கொடுத்தது யார்? நான்தானே. நல்லது செய்யத்தானே போனேன் – அதை யாரிடம் போய்ச் சொல்ல?

6.3.1968
அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை.

21.4.1968
மத்தியானம் அரியக்குடிப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. களம் நிறைய நெல். மானேஜர் காரைக்குடிக்குப் போயிருந்தார். போன வருஷமாக இருந்தால், ஒரு மேகத்தைப் பார்த்தாலே கையில் எடுத்த சோற்றைப் போட்டுவிட்டு நெல்லை வார ஓடுவார்கள்; நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. இன்று ஒருத்தி எழுந்திருக்கவில்லை.
"மழை வருது, பாத்துக்கிட்டு இருக்கீக?" என்றேன்.
"பெல் அடிக்கலையேண்ணே" என்றாள் அன்னக்கிளி. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.
நானும் அவர்களோடு உட்கார்ந்துவிட்டேன். அறுபது மூட்டை நெல் எங்கள் கண்ணெதிரே நனைந்தது. சந்தோஷமாக இருந்தது என்று எழுதக் கூசுகிறது. ஆனால் இருந்தது.

22.4.1968
முதலாளி காரில் வந்தார். நெல்லைக்கூடப் பார்க்கவில்லை, நேரே என்னிடம் வந்தார். "ஒன்னைய நம்பித்தானே விட்டிருந்தேன், குழந்தைவேலு."
நம்பி! சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நாளை முதல் வர வேண்டாம் என்றார். மானேஜருக்கு வேலை இருக்கிறது.

9.9.1968
வேறொரு ஆலையில் சேர்ந்து மூன்று மாதம். இங்கும் மேஸ்திரி வேலைதான், ஆனால் நெல் அவிக்கும் பக்கம். ஆவிக் குழாயில் கீறல் விட்டிருக்கிறது. முந்தாநாள் என் கீழ் வேலை பார்க்கும் செம்மலைக்குக் கை வெந்துபோயிற்று. துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வருகிறான்.
இன்று இந்த ஆலை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். சின்ன வயது, சாதுவான முகம். "ஏதும் கொறை இருந்தா பயப்படாமச் சொல்லுங்க. மேஸ்திரி, நீங்கதான் சொல்லணும். என்னைத் தாண்டிப் போகாது."
செம்மலை என் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.
"ஒரு கொறையும் இல்லீங்க, முதலாளி" என்றேன்.
செம்மலை என் முகத்தைப் பார்த்தான். பிறகு துணி சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டான்.