செகப்புக் குழாய்க்கு இனிப் பூ இல்லை

என்னங்க,

எந்த வீட்டுக்காரியும் தன் வீட்டுக்காரருக்கு ஊரே படிக்கிற மாதிரி கடிதம் எழுதியிருக்க மாட்டாள். நம் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி, சங்கக் கமிட்டியில் இருக்கிற முனிராஜ் வந்து நின்றார். "அண்ணனப் பத்தி நீங்கதான்க்கா எழுதணும்" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். உங்களைப் பற்றி எழுத வரவில்லை. உங்களோடு பேசத்தான் வருகிறது. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நலம் என்று ஆரம்பிக்க வேண்டுமாம். நலம்தான். பையன் ஞாயிறு தவறாமல் புனேயிலிருந்து போன் செய்து "சாப்ட்டியாம்மா?" என்று கேட்கிறான். சாப்பிட்டேன் என்கிறேன். ஒரு ஆளுக்குச் சமைப்பதுபோல் ஒரு தண்டனை கிடையாது. அரை டம்ளர் அரிசி போட்டாலும் மிஞ்சிவிடுகிறது. முதல் ஷிப்ட் பஸ் தெருமுனையில் ஹார்ன் அடிக்கும்போது இன்னமும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். எழுந்து யாரை எழுப்ப?

நம் தெருவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இவர் கோவில்பட்டிக்காரர். ஓசூரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை, அங்கே தீயணைப்புக் குழுவிலும் ஒருவர். சுனாமிக்கு அடுத்த வருஷம் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற சாலையில், அப்போதுதான் போட்ட இந்த லேஅவுட்டில் வீடு கட்டினோம். மற்றவர்கள் வாசக்கால் பார்த்தார்கள், வாஸ்து பார்த்தார்கள். இவர் முதலில் பார்த்தது தீயணைப்பு வண்டி திரும்புகிற அளவுக்குத் தெருமுனையில் இடம் இருக்கிறதா என்று.

இடம் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. லேஅவுட்டுக்கு அனுமதி வாங்கும்போது காட்டிய வரைபடத்தில் தீயணைக்கத் தண்ணீர் தேக்கி வைக்கிற மேல்நிலைத் தொட்டி இருந்தது. முச்சந்தியில் ஓஸ் பைப்பை மாட்டித் திறக்கிற சிவப்பு ஹைட்ரன்ட்டும் இருந்தது. இரண்டும் விதியிலேயே இருக்கிறது என்பீர்கள். லேஅவுட் போட்டவரோ மனைகளை விற்று முடித்ததும் இரண்டையும் மறந்துவிட்டார். நீங்கள் அவரை மறக்க விடவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஆபீஸ் வாசலில் போயின! சினிமாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வழியில் அங்கே இறங்கிக்கொண்ட மனுஷன் நீங்கள். "தீப்பெட்டி ஊர்ல பொறந்துட்டு தண்ணிக்கு அலையுதேன் பாரு" என்று நீங்களே சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வராது.

கடைசியில் தொட்டி வந்தது, சிவப்புக் குழாயும் வந்தது. அதோடு சண்டையும் வந்தது.

வீடுகளுக்குப் போகிற பைப்பைத் தொட்டியின் நடுமட்டத்தில் வைக்கச் செய்தீர்கள். அந்த மட்டம் வரைக்கும்தான் வீட்டுக்கு. அதற்குக் கீழே நிற்பது தீக்கு. கோடையில் போர்வெல் வறண்டு, எல்லா வீட்டிலும் குழாய் காற்று விட்டபோது, தலைக்கு மேல் பாதித் தொட்டித் தண்ணீர் சும்மா நின்றது. பக்கத்து வீட்டு மஞ்சுளா குடத்தோடு வந்து கேட்டாள்: "தொட்டில தண்ணி வெச்சுக்கிட்டு ஜனங்கள லாரிக்கு அலைய விடறீங்களே, நியாயமாண்ணா?"

"அது குடிக்கிற தண்ணி இல்லம்மா. அணைக்கிற தண்ணி."

"எங்கண்ணா எரியுது? எங்க வயிறுதான் எரியுது!"

அந்த யுகாதிக்குத் தெரு முழுக்கப் போளி கொடுத்தாள், நம் வீட்டைத் தவிர. உங்களுக்கு அது பெரிதாகவே படவில்லை. பகலெல்லாம் இந்தத் தெருவில் இருக்கிறவள் நான்தானே? என்னோடு பேச ஆளில்லாமல் போனது உங்களுக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்காமலே காலம் போய்விட்டது.

போன ஆடியில் ஷிப்ட் முடிந்து வந்தீர்கள், சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தீர்கள். அவ்வளவுதான். முதல் ஆளாக ஓடி வந்தவள் மஞ்சுளா. பதின்மூன்று நாளும் என் அடுப்பை அவள் பற்றவைக்க விடவில்லை. மனிதர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது, சொல்லுங்கள்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு வந்த கையோடு, சிவப்புக் குழாய்க்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, உடனே ஸ்பானரைப் போட்டுத் திறந்தும் பார்ப்பீர்களே, அந்த ஆயுத பூஜை. அதைத் தவிர மாதாமாதம் முதல் ஞாயிறும் திறப்பீர்கள். தெருக் குழந்தைகளுக்கு அன்றைக்குக் குற்றாலம். நீங்கள் இல்லாத முதல் பூஜைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லாரும் துடித்தார்கள். உங்களைத் திட்டாத நாளில்லை என்றிருந்தவர்கள்தான். முனிராஜும் கமிட்டிக்காரர்களும் சேர்ந்து குழாயைச் சுற்றி இடுப்பளவு மேடை கட்டினார்கள். வெள்ளை டைல்ஸ், நாலு மூலையிலும் மாவிலை. முன்னால் கறுப்புக் கல்லில் உங்கள் பெயர். குழாய்க்குப் பளபளவென்று புது பெயின்ட். பொட்டு வைத்தார்கள், பழம் நறுக்கினார்கள், கற்பூரம் காட்டினார்கள். திறந்து பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கும் தோன்றவில்லை. எனக்கு அங்கே போய் நிற்க ஒரு இடம் கிடைத்ததே பெரிதாக இருந்தது. உங்களைக் காவிரியில் கரைத்துவிட்டு வந்தபின் எங்கே போய் உங்களைப் பார்ப்பது? தினமும் காலையில் ஒரு முழம் கதம்பம் வாங்கிப்போய் வைப்பேன். பால்காரன் சண்டை, கரண்ட் போனது, பையன் சொன்னது எல்லாம் அங்கே நின்றுதான் சொல்வேன். பார்க்கிறவர்கள் ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள். போகட்டும்.

இந்தக் கோடையில் ஒரு மத்தியானம் மஞ்சுளா வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. ஆண்கள் யாரும் இல்லை. அவள் கம்பெனியிலிருந்து விறகுக்காக வாங்கிச் சுவரோரம் அடுக்கியிருந்த பேக்கிங் மரப்பெட்டிகளுக்குத் தீ தாவியது. அதை ஒட்டின அறையில் மஞ்சுளாவின் மகள், பிரசவத்துக்கு வந்தவள், கைக்குழந்தையோடு படுத்திருந்தாள். அவர்களை வெளியே இழுத்துக்கொண்டு வந்தோம். நான் முச்சந்திக்கு ஓடிப்போய், குழாய்ப் பக்கத்தில் ஓஸ் பைப் வைக்கிற பெட்டியிலிருந்து பைப்பை எடுத்தேன். நீங்கள் மாட்டுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

மாட்ட வாய் இல்லைங்க. குழாயின் வாய், திறக்கிற வால்வு எல்லாம் டைல்ஸுக்குள்ளே இருந்தது. மேலே தொட்டி நிறையத் தண்ணீர், கையில் பைப், நடுவில் உங்கள் பெயர். என் கையாலேயே காலையில் வைத்த பூ அதன்மேல் வாடாமல் இருந்தது. நாங்கள் குடத்தில் ஊற்றினோம். எது போதும்? தீயணைப்பு வண்டி வந்து அணைக்கும்போது அந்த அறையின் ஜன்னலும் கட்டிலும் போயிருந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வண்டியில் வந்த அதிகாரி "ஹைட்ரன்ட் இருக்கா இங்க?" என்று கேட்டார். காட்டினேன். கிட்டே போனவர், பூவையும் பொட்டையும் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து, "இது என்ன சாமிம்மா?" என்றார்.

"சாமி இல்லைங்க, எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நீங்கள் போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

சாயங்காலம் குழாயடியிலேயே கூட்டம் போட்டார்கள். முனிராஜ் தலையே நிமிரவில்லை. "இது அண்ணன் ஞாபகமா கட்டுனதுக்கா. இது அப்டியே இருக்கட்டும், பக்கத்துல வேற கனெக்ஷன் இழுத்துடலாம். கமிட்டில பேசி..." என்றார். அண்ணன் ஞாபகம் இருந்தால் இதைக் கட்டியிருப்பாயா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். பிரியமாகக் கட்டியவனை எப்படித் திட்டுவது? கடப்பாரை கேட்டேன். கொண்டுவந்தார்கள், ஆனால் உங்கள் பெயர்மேல் போட ஒருவருக்கும் கை வரவில்லை. நான் வாங்கி ஓங்கினேன். மஞ்சுளா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேடா அக்கா, பேடா... வேணாம், அண்ணா பேரு ஒடைஞ்சிடும்" என்று அழுதாள். தன் ஜன்னல் எரிந்து கிடக்கிறது, இவள் உங்கள் பெயருக்கு அழுகிறாள்.

"ஒடையட்டும் மஞ்சுளா, அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றேன். முதல் அடி என் நெஞ்சில்தான் விழுந்தது. இரண்டாவது அடிக்கு டைல்ஸ் தெறித்தது. அப்புறம் முனிராஜ் வந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார். கல் உடையாமல் தனியாக வந்தது. பெயின்ட் ஒட்டிக்கொண்ட வால்வை நாலு பேர் சேர்ந்து திருகியபோது, முதலில் துருப்பிடித்த சிவப்பாகக் கொஞ்சம் வந்து, பிறகு வெள்ளையாகப் பீறிட்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை நனைத்தது. குழந்தைகள் கத்தினார்கள். நனைந்த புடவையோடு வீட்டுக்கு வந்தேன். "என்னடி இது கோலம்?" என்று கேட்க ஆளில்லை.

உங்கள் பெயர்க் கல் இப்போது சமையலறை மூலையில் சாய்த்து வைத்திருக்கிறது. வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. காலையில் பூக்காரி தெருவில் கூவும்போது கால் தானாக வாசல்வரை போய்த் திரும்புகிறது. போய் நிற்க இருந்த ஒரே இடத்தையும் நானே இடித்துவிட்டேன். சரியான காரியம்தான், தெரியும். சரியான காரியம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வீடு இவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லையே. தெருவே உங்களைத் திட்டிய அந்த நாட்களில் உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஸ்பானர் இப்போது என்னிடம் இருக்கிறது. மாதாமாதம் முதல் ஞாயிறு நானும் மஞ்சுளாவும் அதைத் திறப்போம். கையில் தெம்பு இருக்கிறவரை திறப்பேன். பாதித் தொட்டித் தண்ணீரையும் யாரையும் தொட விடமாட்டேன், வருகிற யுகாதிக்குப் போளி வராவிட்டாலும் சரி. பூ மட்டும் இனிமேல் வைக்க மாட்டேன். அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். இத்தனை நாள் வைத்ததற்குத்தான் கோபித்துக்கொண்டிருப்பீர்கள்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
சரோஜா