ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு

மிளகின் அப்பாவுக்கு,

வழக்கமாக முதலில் போடும் "அன்புள்ள" என்ற வார்த்தையை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். எழுதவே கூச்சமாக இருந்தது. நானும் உங்கள் மகள் மிளகும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கென்ன, கப்பலிலிருந்து பெட்டி இறக்கும் கிரேனில், எட்டு மாடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டுச் சத்தம் அங்கே எட்டாது.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஏழு ஞாயிறாக நான் போனை எடுக்கவில்லையாம். பெற்ற மகளை உங்களிடமிருந்து பிரிக்கிறேனாம். எனக்கு மனசாட்சியே இல்லையாம். கண்ணாடிக் கடையில் சாப்பாட்டு வேளையில், லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பதிலை எழுதுகிறேன். ஆமாம், வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. ஞாயிறு ஐந்து மணி ஆனதும் போனைச் சத்தம் வராமல் செய்து, அலமாரியில் என் துணிகளுக்கு அடியில் வைத்துவிடுவேன். முதல் ஞாயிறு ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தீர்கள். அடுத்த ஞாயிறு பதினான்கு. மிளகு குளிக்கப் போனதும் எடுத்து எண்ணிப் பார்ப்பேன். நன்றாகத் தவிக்கட்டும் என்று நினைத்தேன். வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு ஓர் எழுத்துக்கூட மறக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அந்த டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்து, இது நடத்தைக் கோளாறு, இவள் கெட்ட குழந்தை இல்லை, அப்பா அம்மா இரண்டு பேரும் பயிற்சிக்கு வந்தால் நன்றாகத் தேறுவாள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். மிளகு மேசைக்கு அடியில் உட்கார்ந்து உங்கள் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது. நீங்கள் டாக்டரைப் பார்த்து, "எங்க குடும்பத்துல இப்படி யாரும் கிடையாது டாக்டர். இது இவ வளர்த்த லட்சணம்" என்றீர்கள். அதிலிருந்து ஐந்தாவது வாரம் கிரேன் வேலைக்கென்று பெட்டி கட்டிவிட்டீர்கள். அதே வசனத்தை உங்கள் அக்காவிடமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அவர்கள் அதை ஊரெல்லாம் சொல்லி முடிக்க ஒரு வாரம் ஆகவில்லை.

எனக்கு அந்தப் பயிற்சிக்குப் போகும் தைரியம் போன வருடம்தான் வந்தது. ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில், சனிக்கிழமை மதியம், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நடக்கிறது. சுவரெல்லாம் பல் படம். எங்களைப் போல ஏழெட்டுப் பேர். முதல் நாள் பயிற்சி கொடுக்கும் அம்மா, உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நான் பிள்ளையை விட்டுவிட்டு அரை மணி நேரம் உங்களைத் திட்டினேன். ஒருவரும் தடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த பஸ் டிரைவர் அண்ணன் மட்டும், மிச்சம் இருந்தால் அடுத்த வாரமும் வைத்துக்கொள்ளலாம் என்றார். எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தேன். அவரும் ஓர் அப்பாதான். டியூட்டி முடித்து, யூனிஃபார்ம்கூட மாற்றாமல் வந்து உட்காருவார். பஸ்ஸில் ஐம்பது பேர் கத்தினாலும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை, வீட்டில் என் மகன் ஒருத்தன் கத்தினால் மட்டும் ஏன் பாய்கிறேன் என்று எங்கள் முன்னால் தன்னையே கேட்டுக்கொள்வார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் மேல் எனக்கு எரிச்சல் இரண்டு மடங்காகும்.

அங்கே ஒரு நோட்டு போடச் சொன்னார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று கட்டம். முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் நாம் என்ன செய்தோம். என் கை சும்மா இருக்குமா? அரை மில்லிமீட்டர் தப்பினால் லென்ஸ் குப்பைக்குப் போகிற வேலை பார்ப்பவள். நடுக் கட்டத்தை நிமிடக் கணக்கோடு எழுதினேன். நாற்காலியை உதைத்தாள், தட்டை எறிந்தாள், என் கையைக் கடித்தாள், நாற்பது நிமிடம். முதல் கட்டத்தில் மட்டும் அநேகமாக "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தேன். மூன்று மாதம் கழித்து அந்தப் பயிற்சி அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பெரிய ஆட்டமெல்லாம் ஞாயிறு மாலையில்தான் வருகிறது, அப்போது வீட்டில் என்ன நடக்கும் என்று கேட்டார். அவள் அப்பா போன் செய்வார், நன்றாகத்தான் பேசுவார் என்றேன். என்ன பேசுவார் என்று விடாமல் கேட்டார்.

"அடுத்த மாசம் வர்றேன்னு சொல்வார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. மூன்று வருடமாக அடுத்த மாதம் வருகிறீர்கள். போனை வைத்ததும் அவள் நாள்காட்டியில் மாதத்தைப் புரட்டி என்னிடம் காட்டுவாள். அதன்பின் ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது உடையும். இத்தனை நாள் நான் வளர்த்த லட்சணம் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் வாயில் இனிப்பு, எங்கள் வீட்டில் கண்ணாடிச் சில்லு. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி உங்கள் குரல் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று.

பலன் இருந்தது. ஆறு ஞாயிறு ஒன்றும் உடையவில்லை. அந்த ஆறு பக்கத்தையும் உங்களுக்கு அனுப்பி, உங்கள் மூக்கை உடைக்க வேண்டும் என்று ஜெராக்ஸ்கூட எடுத்து வைத்தேன்.

ஏழாவது ஞாயிறு அப்பா ஏன் கூப்பிடுவதில்லை என்று கேட்டாள். அங்கே சிக்னல் இல்லை என்றேன். அவள் உள்ளே போய், துணிக்கு அடியிலிருந்து போனை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாள். நீங்கள் அன்றைக்கு மூன்று தடவை கூப்பிட்டிருந்தீர்கள். கத்துவாள், கடிப்பாள் என்று கையை இழுத்துக்கொண்டேன். கத்தவில்லை.

"நீயும் பொய்தானாம்மா?" என்றாள்.

நோட்டில் அன்றைய பக்கத்தில் நடுக் கட்டம் காலி. முதல் கட்டத்தில் "நான்" என்று எழுதினேன். எழுத எழுத அவமானமாக இருந்தது. அதற்கும் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. போன ஞாயிறு நீங்கள் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டீர்கள். எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் போனபோது எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

வரும் ஞாயிறு ஐந்து மணிக்குக் கூப்பிடுங்கள், எடுக்கிறேன். ஆனால் உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு ஒரு தண்டனை வைத்திருக்கிறேன். வருவதாக இருந்தால் டிக்கெட்டில் இருக்கும் தேதியைச் சொல்லுங்கள். இல்லையென்றால், "நான் வரலம்மா" என்று அவளிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். மழுப்பக்கூடாது. அவள் கத்துவாள். போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன். இத்தனை நாள் இனிப்பாக நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டீர்களே, இந்தத் தடவை முழுவதையும் கேட்க வேண்டும். அதட்டக்கூடாது. கெஞ்சக்கூடாது. பாதியில் வைத்தீர்களானால் அதோடு சரி, இந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு உயரம் ஏறும்போது கைப்பிடியை விடாதீர்கள். ஞாயிறு எப்படியாவது லீவு போட்டுக்கொள்ளுங்கள். கத்தி ஓய்ந்த பிறகு அவள் தரையில் படுத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவாள். பள்ளியில் பார்த்த பூனை, தனக்குப் பிடிக்காத சட்டை, மனதில் வருவதையெல்லாம். அவ்வளவு மெல்லிய குரல் அவளுக்கு இருப்பது இன்றுவரை எனக்கு மட்டும்தான் தெரியும். அதுவரை லைனில் இருங்கள்.

மிளகின் அம்மா