கவிழ்த்து வைத்த டம்ளர்

பாய்,

இன்று அலமாரியைத் துடைத்தபோது உன் பித்தளை டம்ளர் கைக்கு வந்தது. நீ கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை. களிம்பு நாற்றம் மூக்கில் ஏறியது. அது என்மேல் அடிக்கிற நாற்றம் என்றே பட்டது.

பூந்தமல்லிச் சந்தையிலிருந்து மாங்காட்டுக்கு நடந்து வரும்போதெல்லாம் அந்தக் காஜியின் கதையைச் சொல்வாய். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் துருக்கி நாட்டில் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தவன். படித்தவன், கவி பாடுகிறவன். மந்திரியானான். பட்டத்துப் பிள்ளை சிறுவன் என்று அவனுக்குக் காவலனானான். கடைசியில் பிள்ளையைத் தள்ளிவிட்டுத் தானே சுல்தானாக உட்கார்ந்துகொண்டான். "அப்பால அவன் மேலயே பிராதுன்னா யாராண்ட போறது, அண்ணாத்தே?" என்று காறித் துப்புவாய். நானும் சேர்ந்து துப்பியிருக்கிறேன்.

ஊர்ப் பஞ்சாயத்துக் கோர்ட்டில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. தீர்ப்பு சொன்னதும் இரு கட்சிக்காரரும் நாமும் ஒரே குடத்துத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். குடித்தால் சம்மதம் என்று பொருள். நீ பிடிவாதமாகக் கொண்டுவந்த வழக்கம் அது. பிறகு நான் பஞ்சாயத்துப் பிரசிடெண்டும் ஆனேன். ஏரி மதகின் சாவி என் இடுப்புக்கு வந்தது. நீதி நாற்காலியையும் விடவில்லை.

அந்தக் கோடையில் முனுசாமி வந்து நின்றான். என்னிடம் கூலி வேலை செய்தவன், மதகடியில் துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்டவன். "நைனா, என் மொறத் தண்ணிய உங்க ஆளு உங்க கயனிக்கே திருப்பிகினு பூட்டான். நாத்து கருகிகினு கீது." திருப்பச் சொன்னவன் நான். தீர்ப்பு சொன்னவனும் நானே. ஏரியில் தண்ணீர் குறைவு, பிராது தள்ளுபடி என்றேன். வாய் கூசவில்லை.

முனுசாமி வாங்கிக் குடித்தான். குடிக்காமல் என் ஊரில் பிழைக்க முடியுமா? நீ உன் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாய். "அவன் பயிருக்குப் போவாத தண்ணி என் தொண்டையில எறங்காது" என்று எழுந்து போனாய். நீ விட்டுப்போன டம்ளரை நான்தான் எடுத்து வந்து அலமாரியில் போட்டேன். அதன் பிறகு என் வீட்டு வாசலை மிதிக்கவேயில்லை. பாய்க்குத் திமிர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். த்தூ, நானும் ஒரு மனிதன்!

அவன் நாற்று முழுக்கக் கருகியது. மண்ணூர்பேட்டைப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டான்.

உன் ஜனாஸா அடக்கத்துக்கு வந்திருந்தான். என்னைக் கண்டதும் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டான். 

மறுநாளே நாற்காலியை விட்டேன். எதை என்று கேட்பாய். நியாயம் சொல்லும் நாற்காலியைத்தான். மதகுச் சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது, பாய்.