பதிவு எண் இல்லாத சிஸ்டருக்கு

இன்று காலை தையல் மிஷின் ஊசி என் விரலில் இறங்கிவிட்டது. பெரிய காயமில்லை. கம்பெனியில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்து அழுத்தினார்கள். எரிச்சலுக்கு முன்னால் வாடை வந்தது. மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி வாடை. எனக்கு அது உன் துப்பட்டாவின் வாடை. மொரப்பூரிலிருந்து தர்மபுரி போகும் பஸ்ஸில் ஏழு வருடம் என் தோளில் சாய்ந்து தூங்கினவள் ஆயிற்றே நீ. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஊசி குத்தினதற்கா இவ்வளவு அழுகை என்று சூப்பர்வைசர் முறைத்தார்.

தூக்கம் வராத நாளில் நீ என் மணிக்கட்டைப் பிடித்து நரம்பு தேடுவாய். "அருமையான நரம்புடி உனக்கு. கண்ண மூடிக்கிட்டு ஊசி போட்டுருவேன்" என்பாய். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் மிரண்டு போவார்கள். உன் நர்சிங் ஹோமில் கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்காவிட்டால் டாக்டரே உன்னைத்தான் தேடுவார். சித்தேரி மலையிலிருந்து வந்த ஓர் அம்மா, "அந்த ஒல்லி சிஸ்டரு வந்தாத்தான் கையக் குடுப்பேன்" என்று முரண்டு பிடித்ததை நீ நடித்துக் காட்டினாய். எனக்கும் நர்ஸ் ஆசை வந்தது உன்னைப் பார்த்துத்தான்.

அரசு ஆஸ்பத்திரிக்கு ஒப்பந்த நர்ஸ் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு நெட் சென்டருக்குப் போனாய். டைப் அடித்த அக்கா கேட்டார்: "கவுன்சில் பதிவு எண் சொல்லுங்க."

நீ ஒரு வருட கோர்ஸ் சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினாய். "இதுல இருக்குதுங்க பாருங்க."

"இது உங்க ரோல் நம்பருங்க. நர்சிங் கவுன்சில்ல பதிஞ்ச நம்பர் வேணும். இந்தக் கோர்ஸுக்கு அது வராதுங்களே."

வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் வேலை கொடுத்தார்கள், ஊரே சிஸ்டர் என்று கூப்பிட்டது. இதற்கு மேல் ஒரு பதிவு உண்டென்று உன் வீட்டில் யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது. பஸ்ஸில் அன்று நீ தூங்கவில்லை. அதன் பிறகு டிப்ளமோ முடித்துவிட்டு வந்த பெண்களுக்கெல்லாம் நீதான் டிரிப் ஏற்றச் சொல்லிக் கொடுத்தாய். அவர்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் அரசு வேலைக்கும் போனார்கள். "நான் கண்டக்டர் மாதிரிடி. எல்லாரையும் எறக்கி விட்டுட்டு அதே பஸ்ல நிக்கறேன்" என்று நீ சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

வயிற்றுக் கட்டியோடு நீ பெரியாஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் துணைக்கு நான்தான் இருந்தேன். கம்பெனியில் ஆளைக் குறைக்கிறார்கள், முப்பத்துமூன்று வயதில் நர்சிங் படித்தால் எவர் வேலை தருவார் என்று உன்னிடமே புலம்பினேன். நோயாளியிடம் புலம்புகிற துணையாள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ டிரிப் ஏறாத கையால் என்னைக் கிள்ளினாய். "படுக்கைல கெடக்கறவங்க நர்சு வயசக் கேக்க மாட்டாங்கடி. ஆனா ஆபீஸ்ல பேப்பரக் கேப்பாங்க. நான் சேந்த மாதிரி சேந்துறாத."

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. மூன்று வருட டிப்ளமோவில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. நாளை மாலைக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கொடுக்க வேண்டும். பயமாக இருக்கிறது. சம்பளமில்லாமல் மூன்று வருடம் எப்படிப் போகும்? பதினெட்டு வயதுப் பெண்களோடு உட்கார்ந்து இங்கிலீஷில் உடற்கூறு படிக்க என் மண்டையில் ஏறுமா? முடித்து வந்தாலும் அரசு வேலை முதலில் ஒப்பந்தம்தான், நிரந்தரம் எப்போதோ. தனியாரில் இளம் பெண்களை விட்டுவிட்டு என்னை எடுப்பார்களா? வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டிக் களைத்து வந்து நியாயமாகத்தான் பேசுகிறார். "ஒரு வருசத்துல முடியறது இருக்குதில்ல, அதுல சேந்துக்கயேன். மூணு வருசம்னா பாப்பாவே பத்தாவது வந்துருவா."

அதற்கு அவரே விண்ணப்பமும் நிரப்பிக் கொடுத்தார். நீ படித்த அதே இடம்தான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? விரல் காயத்துக்காக மதியமே வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் வீட்டுக்குப் போகாமல் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த மாடிப்படி ஏறினேன்.

மேஜைக்குப் பின்னால் இருந்த மேடத்திடம் விண்ணப்பத்தைக் கொடுக்கும் முன் கேட்டேன்: "இதப் படிச்சா நர்சிங் கவுன்சில்ல பதிய முடியுங்களா?"

"அதெல்லாம் எதுக்கும்மா? வேலை கெடைச்சாப் போதும்ல?" என்று எழுந்து சுவரில் மாட்டியிருந்த ஒரு போட்டோவைக் காட்டினார். "இந்தப் பொண்ணப் பாருங்க. நம்மகிட்டப் படிச்சதுதான். பதினோரு வருசமா ஒரே ஆஸ்பத்திரியில சிஸ்டரா இருக்குது. அதுக்கு என்ன கொறச்சல்?"

நீதான். வெள்ளைக் கோட்டில், இருபது வயதில், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

நீ இறந்துவிட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை. விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். அந்தப் போட்டோவைப் பற்றி வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் பீரோவைத் திறந்து என் ஒரிஜினல்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

பயம் போகவில்லை, அதையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். நாளை டிப்ளமோ கல்லூரி வரிசையில் அம்மாக்கள் நிறையப் பேர் நிற்பார்கள். யாராவது ஒருத்தி என்னைப் பார்த்து, "உங்க பொண்ணுக்கா அட்மிஷன்?" என்று நிச்சயம் கேட்பாள். எனக்குத்தான் என்று சொல்ல வேண்டும். கடிதம் எழுதத் தொடங்கியதிலிருந்து அதைத்தான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.