இளைஞர் வாரத்துக்கு ஒரு படம் வேண்டி

அனுப்புநர்:
சுனில்தா அகினோ,
ஆணி, பெயின்ட் கடை,
படகுத்துறைத் தெரு,
புவெர்த்தோ லபாச்சோ, பராகுவே.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
திரைப்படச் சான்றிதழ்க் குழு,
நகராட்சி அலுவலகம்,
புவெர்த்தோ லபாச்சோ.

பொருள்: இளைஞர் வாரக் காதல் படங்களுக்கு வயதுச் சான்று வழங்கியதில் நேர்ந்த அநீதி தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. செப்டம்பர் மாத இளைஞர் வாரத்தில் நகராட்சி அரங்கில் இரண்டு காதல் படங்கள் ஓட்டப்பட்டன. ஒன்றில், பையன் ஒரு பெண்ணை வீடுவரை துரத்துகிறான். அவள் வேண்டாம் என்கிறாள். ஜன்னல் ஏறிக் குதிக்கிறான். கடைசியில் அவளே அவன் தோளில் சாய்கிறாள். ஓடுவதும் அழுவதும் தவிர அவளுக்கு வேறு வேலையே இல்லை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு, எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டு மென்மையான பையன் ஒருவன் கூடவே வருகிறான். அவனுக்கென்று படத்தில் யாருமில்லை. இதற்குத் தங்கள் குழு "அனைவரும் பார்க்கலாம்" என்றது. இன்னொரு படத்தில் பள்ளிப் பையன்கள் இருவர் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். கையைப் பிடித்துக்கொள்வதற்கு மேல் ஒன்றுமில்லை. அதற்கு "வயது வந்தோர் மட்டும்".

2. என் மகன் தெர்லிஸுக்குப் பதினாறு வயது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, ஒஸ்மார் என்ற பையனோடு அந்த இரண்டாவது படத்துக்கு வரிசையில் நின்றிருக்கிறான். வாசல் ஊழியர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, ஊரே கேட்க, "இந்த வயசுல உங்களுக்கு இந்தப் படம் கேக்குதா? போங்கடா, ஆளுக்கொரு பொண்ணக் கூட்டிக்கிட்டு வாங்க, நாளைக்கு ஓடற படத்துக்கு விடறேன்" என்றாராம். வரிசை மொத்தமும் சிரித்திருக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கையில் இருந்தது தாங்கள் போட்ட உத்தரவு.

3. பையன்கள் வீடு திரும்புமுன் செய்தி ஒஸ்மாரின் அப்பாவை எட்டிவிட்டது. மறுநாளே அவனை எல்லை தாண்டி அர்ஜென்டினாவில் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் மகன் வேகவைத்த மாண்டியோகாக் கிழங்கைத் தொடக்கூட இல்லை. ஒன்றுதான் கேட்டான்: "அம்மா, உன்ன உள்ள விடுவாங்கல்ல? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லும்மா. கடைசியில அவங்க ரெண்டு பேரும் என்ன ஆகுறாங்க?"

4. அந்தப் படம் மறுபடி ஓடிய அன்று போனேன். கடைசியில் ஒரு பையன் ஆற்றில் மூழ்கிச் செத்துப்போகிறான். மற்றவன் கரையில் நிற்கிறான், அதோடு அரங்கில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "சேந்துதான்டா இருக்காங்க, சைக்கிள் கடை வெச்சிருக்காங்க" என்றேன். பெற்ற வயிறு ஐயா, வேறென்ன சொல்வேன்? தெர்லிஸ் அதைப் போனில் ஒஸ்மாருக்குச் சொல்லியிருக்கிறான். கடைக்கு என்ன பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அவன் கேட்டானாம். என் மகன் வந்து என்னிடம் கேட்டான். பச்சை என்றேன்.

5. சான்றை மாற்றச் சொல்லித்தான் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன். மாற்றினால் என் மகன் அந்தப் படத்தைப் பார்ப்பான். நான் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். ஆனாலும் நியாயம் நியாயம்தான், தயவுசெய்து மாற்றுங்கள். அதற்கு முன்னால், இரண்டு பையன்களும் கடைசிவரை உயிரோடு இருக்கிற படம் ஒன்றை வரவழைத்து, எல்லோரும் பார்க்கலாம் என்று சான்று கொடுத்து, நம் அரங்கில் ஓட்டுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அப்படி ஒரு படம் எங்காவது இருக்கிறதா என்று ஆணி விற்கிற எனக்குத் தெரியவில்லை. படம் பார்ப்பதே வேலையாக உள்ள தங்களுக்குத் தெரிந்திருக்கும். அது வரும்வரை அந்தப் பிள்ளைகள் இருவரிடமும் இருப்பது நான் சொன்ன பொய் ஒன்றுதான்.

நாள்: அக்டோபர் 9
இடம்: புவெர்த்தோ லபாச்சோ

இப்படிக்கு,
சுனில்தா அகினோ
(தெர்லிஸின் தாய்)