கயிறு பிடித்த ஒன்பது வருடம்

ஆகஸ்ட் 8, வெள்ளி

புஜைரா, அமீரகம். காலை ஆறு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டியாச்சு. எண்ணெய்க் கிடங்கு கேட்டில் டூட்டி. கழுத்திலிருந்து கால்வரை ஒரே துணியாகக் காக்கி உடுப்பு போட்ட ஒருவர் வேனிலிருந்து இறங்கினார். என் கை தானாக எழுந்து விறைப்பாக ஒரு சல்யூட். பார்த்தால் ஏசி ரிப்பேர்காரர். பயந்துபோய் அவரும் ஸ்பேனரோடு பதில் சல்யூட்.

கூட டூட்டி பார்க்கும் கான் பாய் இந்தியில் கேட்டார்: நாளைக்குப் பூனைக்கும் சல்யூட் உண்டா?

ஊரில் ஊர்க்காவல் படை, ஒன்பது வருடம். படையை விட்டுப் பதினேழு வருடமாகியும் கைக்கு இன்னும் தகவல் போகவில்லை.

வாங்க: சோப்பு, பாத வெடிப்புக் களிம்பு, சார்ஜர்.

ஆகஸ்ட் 9, சனி

மகள் தமிழரசி போன். அதே படையில் சேர்ந்து நாலு மாதம். நான் வேண்டாம் என்றதைக் கேட்கவில்லை. ஆண்டுவிழா மலருக்கு எங்கள் ஊர்ப் பிரிவின் வரலாறு எழுதும் வேலை இப்போது அவள் தலையில்.

"பழைய ரெஜிஸ்டர்ல உங்க பேரு இருக்குப்பா! கடைசியில 'விலகினார்'னு ஒரே வார்த்தை. ஏன்ப்பா விலகுனீங்க? வரலாத்துல போடணும்."

"தேர் வந்தா கூட்டத்தத் தடுக்கக் கயிறு புடிச்சோம். வெள்ளம் வந்தா கயிறு புடிச்சோம். மந்திரி வந்தாலும் கயிறுதான். முடிஞ்சுது வரலாறு."

சிரித்தாள். விடவில்லை. "யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

தொண்டர் படை. பெயர் அழகு. போலீஸ் மாதிரி உடுப்பு, போலீஸ் நிற்கும் அதே வெயில். போலீஸ் மட்டும் இல்லை. அடுத்த வருடம் போலீசில் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒன்பது அடுத்த வருடம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

புழுக்கம். சார்ஜர் வாங்க மறதி.

நடந்தது இவ்வளவுதான். தேரோட்டம். நெரிசலில் என் மனைவி, இடுப்பில் நாலு வயது தமிழரசி. பிள்ளை நசுங்குகிறாளே என்று கயிற்றைத் தூக்கிவிட்டேன். அவர்கள் பின்னாலேயே ஐம்பது அறுபது பேர் உள்ளே. சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். கன்னத்தில் ஒன்று. தொப்பி தேர் வடத்துப் பக்கம் போய் விழுந்தது. மறுநாள் உடுப்பு, பெல்ட், விசில் எல்லாம் ஒப்படைப்பு.

மாலை மறுபடி போன்.

"விசா வந்துச்சு, விலகிட்டேன். அப்படியே எழுதிக்க."

"அவ்வளவுதானாப்பா?"

"அவ்வளவுதான்."

"சரி. அடுத்த வாரம் தேரு. எனக்கும் கயிறு டூட்டி!"

"யாருக்காகவும் கயித்தத் தூக்காத, பாப்பா."

"அம்மா வந்தாலுமா?"

"அம்மா வந்தாலும்."

சிரித்துக்கொண்டே வைத்தாள்.

சொல்லாமல் விட்டது: அன்றைக்கு என் தொப்பி பறந்தபோது, ஏதோ விளையாட்டு என்று நினைத்து, அம்மா இடுப்பிலிருந்து நீ கை தட்டினாய்.