மலைக்குப் போய் வந்த அரிசி

தேக்காவில் இன்று நல்ல மழை. வழக்கமான மளிகைக் கடையில் ஐந்து கிலோ அரிசிப் பொட்டலம் ஒன்றை வாங்கி, தோளில் மாட்டும் பைக்குள் இறக்கினேன். கடைத்தம்பி, "அக்கா, இந்த மழையில ஏன் தூக்குறீங்க? டெலிவரி போட்டுடுறேன் லா" என்றான். வேண்டாம் என்றேன். நனைந்த பைத்துணியின் வாசனையும் அரிசி வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. கடையில் நின்றபடி தனியாகச் சிரித்தேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒட்டிக்கொண்ட நம் நால்வரில், மலையேறும் ஆசை முதலில் வந்தது பிரேமாவுக்குத்தான். அப்போது எல்லோருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. சிங்கப்பூர் எல்லை தாண்டி ஜோகூர்ப் பக்கம் ஒரு மலை, ஓரிரவு கூடாரத்தில் தங்கல், மறுநாள் இறக்கம். சாந்தி உடனே சரி என்றாள், நானும்தான். நீ சரி என்றதும் உன் மகன் சிரித்துவிட்டான். தெம்பனிஸ் மேம்பாலத்தில் ஏறினாலே அம்மாவுக்கு மூச்சு வாங்கும், அம்மாவின் பையை மற்றவர்கள்தான் சுமக்க வேண்டும் என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். உனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"என் பையை நானே தூக்கிட்டுப் போவேன், நானே தூக்கிட்டு வருவேன். நீ பாரு" என்றாய்.

மறுநாளே பயிற்சி தொடங்கிவிட்டது. பையின் அடியில் ஐந்து கிலோ அரிசியைப் பழைய துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்ததும் உன் அடுக்குமாடி புளோக்கின் படிகளில் ஏறி இறங்குவாய். லிஃப்ட் இருக்கும்போது மூட்டையோடு படியேறும் உன்னைப் பார்த்து, வீடு மாற்றுகிறாயா என்று பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கேட்டாராம். அதை எங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

மலையில் முதல் நாளே மழை பிடித்துக்கொண்டது. நமக்கு மழையைப் பற்றி என்ன தெரியும்? ரயில் நிலையத்திலிருந்து வீட்டு வாசல்வரை கூரை போட்ட நடைபாதையிலேயே காலம் தள்ளியவர்கள். சாந்தி மடக்குக் குடை கொண்டுவந்திருந்தாள். முதல் கிளை இடித்ததுமே அதன் கம்பி வளைந்துவிட்டது. நீ எல்லோருக்கும் பின்னால் வந்தாய். உன் முகம் சிவந்து, வாய் பேச முடியாமல் மூச்சு வாங்கியது. கொஞ்ச தூரம் பையைக் கொடு என்று நான் கேட்டேன், பிரேமா கேட்டாள், வழிகாட்டியாக வந்த மலாய் இளைஞரும் கேட்டார். நீ வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினாய்.

பொழுது சாயும் நேரத்தில் கூடாரம் போடும் இடத்துக்கு வந்தோம். மாற்றுத்துணி எடுக்கப் பையைக் கவிழ்த்தாய். சட்டை விழுந்தது, புளியோதரைப் பொட்டலங்கள் விழுந்தன, கடைசியில் பழைய துண்டும் அதற்குள்ளிருந்த அரிசியும் தொப்பென்று விழுந்தன. கிளம்பும் அவசரத்தில் பயிற்சி மூட்டையை எடுக்க மறந்து, அதன் மேலேயே மற்றதையெல்லாம் அடுக்கியிருக்கிறாய். பழகிய கனம் என்பதால் உனக்கு வித்தியாசமே தெரியவில்லை. நாம் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கூடாரத்துச் சீன நண்பர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாம் எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தோம், உறை பிரிக்காத அரிசி மட்டும் நனையவில்லை.

இறங்கும்போது அதை விட்டுவிட்டுப் போகலாம் என்றோம். நம்மிடம் இருந்த சின்ன அடுப்பில் அத்தனையையும் சமைக்கவும் வழியில்லை. நீ துண்டை மறுபடி சுற்றினாய்.

"அரிசியைக் காட்டுல கொட்டிட்டு வர்ற அளவுக்கு நான் இன்னும் பெரிய ஆள் ஆகலடி."

ஏறுவதைவிட இறக்கம்தான் மோசமாக இருந்தது. வேர்களெல்லாம் வழுக்கின. ஓடையில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. கரையேறும் இடத்தில் நீ சறுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டாய். அரிசிக்காகக் காலை உடைத்துக்கொள்ளப் போகிறாயா என்று சாந்தி கோபத்தில் அழுதேவிட்டாள். வழிகாட்டி பைக்குக் கையை நீட்டினார். நீ மலாயில் அவரிடம் ஏதோ சொல்லி, அந்தக் கையைப் பிடித்து எழுந்தாய், பையோடு. என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "கை குடுங்க, போதும். பை என்னோடது" என்றாயாம்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் உன் மகன் காத்திருந்தான். பையை வாங்கக் கை நீட்டினான். நீ நிற்காமல் லிஃப்டுக்குள் போனாய். அன்று அந்த அரிசியைத்தான் வடித்து, சாம்பார் வைத்து, எங்களுக்கும் அவனுக்கும் போட்டாய். கதையை நாங்கள் சொன்னோம், அவன் தலை குனிந்து சாப்பிட்டான். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினான். இப்போது யாரிடம் பேசினாலும், "எங்கம்மா மலைக்கே அரிசி தூக்கிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டுவந்தவங்க" என்றுதான் தொடங்குகிறான். கேட்கும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது. உன் தோழி நான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அத்தனை பெருமை.

கடைசியாக நீ மருத்துவமனைக்குக் கிளம்பிய காலையையும் சொல்லிவிடுகிறேன். அங்கிருந்து நீ வீடு திரும்பவில்லை. கைப்பையில் ஒரு நைட்டி, மூக்குக் கண்ணாடி, சீப்பு, அவ்வளவுதான். லிஃப்டுக்குக் காத்திருந்தபோது நீயாகவே அதை என்னிடம் நீட்டினாய். "இந்தா, நீ பிடிச்சுக்க" என்றாய். அதில் கனமே இல்லை. ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். நீ யாரிடமும் பையைக் கொடுத்து அதுவரை நான் பார்த்ததில்லை. என்னிடம் கொடுத்தாய் என்பதையும் பெருமையாகத்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் அதே மலைக்குப் போகிறோம். பிரேமா, சாந்தி, நான், இந்த முறை உன் மகனும். பாசிர் ரிஸ்ஸில் என் புளோக்கின் படிகளில் பையோடு தினமும் ஏறி இறங்குகிறேன். எதிர்வீட்டுக்காரர் நேற்று வீடு மாற்றுகிறீர்களா என்று கேட்டுவிட்டார். உன் மகன் என் பையைத் தானே சுமப்பதாகச் சொன்னான். முடியாது என்றேன்.

இன்று வாங்கிய அரிசியைத் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்துவிட்டேன். கிளம்பும் அன்றும் எடுக்க மாட்டேன். திரும்பி வந்ததும் உன் வீட்டு அடுப்பில்தான் உலை.